அரிசி ஆலை ஆட்களுக்குப் பயிற்சி: குறுவை வரத்துக்கு முன்னால் எங்கே தொடங்குவது?

பாமணிக்கரை கேட்டது:

வணக்கம். மன்னார்குடி பக்கம் மணிக்கு 2 டன் ஓடும் புழுங்கல் ஆலை. உமி நீக்கும் ஷெல்லர், தவிடு நீக்கும் பாலிஷர் பக்கம் 3 பேர், பாய்லருக்கு 2, அவியலுக்கும் டிரையருக்கும் 4, ஃபிட்டர் ஒருவர். களம், மூட்டை, லோடு எல்லாம் சேர்த்தால் மொத்தம் 22 பேர். 10 மணி நேர ஷிஃப்ட் இரண்டு.

ஒரே லாட் நெல்தான். ஒரு ஷிஃப்ட்டில் குருணை 6 சதவீதம், அடுத்ததில் 11. ஷெல்லருக்குள் உமியை உரிக்கும் ரப்பர் ரோலைச் செட் பண்ண ஒரே ஒருவருக்குத்தான் கை வரும். அவர் லீவு என்றால் அன்றைக்கு ஓட்டம் பாதி. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், கற்றுக்கொண்ட கையோடு திருப்பூருக்கோ பக்கத்து ஆலைக்கோ போய்விடுகிறார்கள்.

முதலாளி வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டு ஊக்க வகுப்பு வைக்கலாம் என்கிறார். நான் டன்னுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். நெல் வரத் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

உமித்தூசி பதில்:

வகுப்பு, இன்சென்டிவ் இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார். அந்த 6-க்கும் 11-க்கும் யார் காரணம் என்று முதலில் தெரிய வேண்டும். 20 டன் நெல்லுக்கு 68 சதவீதம் வைத்தால் 13.6 டன் அரிசி. அதில் 5 சதவீதம் என்றால் ஷிஃப்ட்டுக்கு 680 கிலோ. முழு அரிசிக்கும் குருணைக்கும் கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலே 10,200 ரூபாய் தினமும் சல்லடை வழியாகக் கீழே போகிறது.

பெரும்பாலான ஆலைகளில் ஆளை வெறுப்பேற்றும் தப்பு இங்கேதான் நடக்கிறது. நெல்லில் விரிசல் விழுவது டிரையரில். அது உடைந்து கண்ணில் படுவது ஷெல்லரிலும் பாலிஷரிலும். அந்த விரிசலும் நெல்லை இறக்கிய உடனே முழுதாகத் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் விடும். அதனால் பகல் ஷிஃப்ட் அவசரப்பட்டு உலர்த்திய நெல்லை ராத்திரி ஷிஃப்ட் அரைத்து, ராத்திரி ஆபரேட்டர் திட்டு வாங்குவார். 11 வந்த ஷிஃப்ட்காரருக்குப் பயிற்சி கொடுத்து என்ன பிரயோசனம்?

ஒவ்வொரு டிரையர் லாட்டுக்கும் ஒரு அட்டை கட்டுங்கள். ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், இறக்கும்போது ஈரப்பதம், காற்றின் சூடு, யார் கை. அந்த அட்டை நெல்லோடு சேமிப்புத் தொட்டி வரை போகட்டும். அரைக்கும்போது குருணை எவ்வளவு என்று அதே அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். பத்து லாட் சேர்ந்தால் தெரிந்துவிடும்.

ஆபரேட்டர் முதல் டிரையர் ஆள் வரை எல்லோருக்கும் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் இயந்திரமே இல்லாதது. உலர்ந்த நெல்லில் 100 மணி எண்ணி எடுத்து, உமியைக் கையால் உரித்து, ஒரு டார்ச் வெளிச்சத்துக்கு மேலே கண்ணாடித் துண்டு வைத்து அதில் பரப்பச் சொல்லுங்கள். நல்ல மணி ஒரே சீராக வெளிச்சத்தை விடும். விரிசல் விழுந்த மணியில் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும். அதை எண்ணட்டும். ஷெல்லருக்கு முன்னாலேயே 100-க்கு 12 மணி கோடு விழுந்திருந்தால் ரோலைக் குறை சொல்லி லாபமில்லை. 2, 3 தான் இருக்கிறது, ஆனால் ஷெல்லர் தாண்டி 8 உடைகிறது என்றால் ரோல் இறுக்கம். ஷெல்லர் வரை சரியாக வந்து கடைசியில் உடைந்தால் பாலிஷர் அழுத்தம். ஒரு தடவை தன் கையால் எண்ணிப் பார்த்த ஆளிடம் அப்புறம் நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டியிருக்காது.

டிரையர் ஆட்களுக்கு ஒரே விதி: ஈரப்பதத்தை ஒரே மூச்சில் 14 சதவீதத்துக்கு இறக்காதே. அவித்த நெல் 16–18 சதவீதத்துக்கு வந்ததும் சூட்டை நிறுத்தி, குறைந்தது 4 மணி நேரம் ஆறப்போட்டு, பிறகு 14-க்குக் கொண்டு வர வேண்டும். 16-க்குக் கீழேதான் விரிசல் அதிகம். 12 வரை காய விடுவதும் நஷ்டம்தான்: 14-ல் இருக்கும் 20 டன் நெல் 12-க்கு வந்தால் 455 கிலோ எடை ஆவியாகப் போயிருக்கும்.

ஈரப்பத மீட்டரைச் சூடான நெல்லில் வைத்தால் பொய் சொல்லும். மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்து, ஆறவிட்டு, கலந்து, மூன்று முறை பார்த்துச் சராசரி எழுத வேண்டும். மீட்டரில் நெல்லுக்கு ஒரு செட்டிங், அரிசிக்கு ஒரு செட்டிங். அதை மாற்றாமல் பார்க்கிறவர்கள் நிறைய.

சக்கரைவட்டம் பதில்:

உமித்தூசி அண்ணன் சொன்னதோடு ஒட்டி இன்சென்டிவ் விஷயம். டன் கணக்கில் கொடுத்தால் அன்றைக்கே ஃபீட் கதவு முழுசாகத் திறக்கும். உரியாத நெல்லைப் பிரிக்கும் செபரேட்டர் தாங்காது, அரிசியில் நெல் கலக்கும், பாலிஷரை இறுக்குவார்கள், குருணை ஏறும். உங்கள் பணத்தைக் கொடுத்து உங்கள் அரிசியை உடைக்கச் சொல்கிற வேலை அது.

கற்ற வேலைக்குக் கூலி ஏற்றுங்கள். ஸ்டோர் ரூம் வாசலில் ஒரு சார்ட். இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள்: ஊறல் தொட்டி, அவியல், டிரையர், ஈரப்பதம் பார்ப்பது, ரோல் மாற்றுவது, பாலிஷர் செட்டிங், சார்ட்டெக்ஸ் (நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் இயந்திரம்), எலிவேட்டர் பெல்ட். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம், நாலு காலாகப் பிரித்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு கால். துணையோடு செய்தால் அரை. தனியாகச் செய்தால் முக்கால். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அந்த ஆள் தனியாகச் செய்து காட்டினால் முழு வட்டம். முக்காலுக்கு நாளைக்கு 15 ரூபாய், முழுதுக்கு 30 என்று ஏதாவது ஒரு தொகை. அது உங்கள் கணக்கு. ஆனால் வட்டம் நிறைந்த மாதமே சம்பளத்தில் ஏற வேண்டும். "பொங்கலுக்குப் பார்க்கலாம்" என்றால் சார்ட் வெறும் கோலம்.

இப்படி வைத்தால் தெரிந்த ஒருவர் தொழிலை மூடி வைத்துக்கொள்வதும் குறையும். உங்கள் ரோல்காரர் சொல்லித் தரத் தயங்கினால், அது எதனால்? சொல்லித் தந்தால் தன் மதிப்பு போய்விடும் என்ற பயம். சொல்லித் தருவதற்குத்தான் முழு வட்டம் என்றால் கணக்கு மாறும்.

எந்த முக்கிய வேலைக்கும் முக்கால் வட்டக்காரர் 3 பேர் வேண்டும். இரண்டு ஷிஃப்ட்டுக்கு இருவர், லீவுக்கு ஒருவர். சார்ட்டில் இரண்டுக்குக் குறைவான பத்தி எதுவோ அதுதான் இந்த ஆறு வாரத்துப் பாடம். எல்லாவற்றையும் எல்லோருக்கும் என்று ஆரம்பித்தால் ஒன்றும் முடியாது.

இன்னொன்று, ஷிஃப்ட் மாறும்போது 10 நிமிடம். டீயோடு நின்றபடியே. வெள்ளைப் பலகையில் நேற்றைய குருணை, அவுட்டர்ன் (நெல்லுக்குக் கிடைத்த அரிசி சதவீதம்), நின்ற நிமிடங்கள், எதனால் நின்றது. காரணத்தை மேனேஜர் எழுதக்கூடாது, நிறுத்தியவர் எழுதட்டும். எழுதிய குறைக்கு ஏழு நாளில் ஒரு பதில் வர வேண்டும், முடியாது என்றாலும் ஏன் என்று. "எலிவேட்டர் பக்கெட் தளர்ந்திருக்கு" என்று மூன்று வாரம் எழுதி யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் நாலாவது வாரம் பலகையில் யாரும் எழுத மாட்டார்கள். ஊக்க வகுப்புப் பணத்தில் பக்கெட்டை மாற்றுங்கள்.

பாமணிக்கரை:

நன்றி. சார்ட் யோசனை பிடித்திருக்கிறது. ரோல் பாடத்தை எப்படிப் பிரித்துச் சொல்லித் தருவது? "பார்த்துக் கத்துக்கோ" என்பதுதான் இங்கே வழக்கம். மூட்டைப் பக்கம் இருந்து எடுக்க நினைக்கும் இரண்டு பேர் பீகார். தமிழ் கொஞ்சம்தான் புரியும்.

ஸ்பானர்14 பதில்:

பார்த்துக் கத்துக்கோ என்றால் கையசைவு வரும், காரணம் வராது. காரணம் தெரியாதவன் சத்தம் மாறியதும் இறுக்குவான். இரண்டாம் உலகப் போர் சமயம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் தயாராக்க ஒரு முறை வைத்தார்கள்: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்ய விடு, பிறகு வந்து பார். இன்றைக்கும் அதைவிட எளிது எதுவும் இல்லை. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன செய்கிறோம், எதைக் கவனிக்க வேண்டும், ஏன்.

ரோல் மாற்றத்துக்கு அந்தத் தாள் இப்படி வரும்:

1. ஃபீடை அடைத்து, உள்ளே இருக்கும் நெல் ஓடி முடியட்டும். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டு, சாவி வேலை செய்கிறவன் பாக்கெட்டில். ஏன்: அடுத்த ஷிஃப்ட்காரன் தெரியாமல் போட்டுவிட்டால் விரல் போகும். இந்த வரியை மட்டும் சிவப்பில் எழுதுங்கள்.

2. ரோலை மூடியிருக்கும் பாதுகாப்பு மூடியை (கார்டு) கழற்று, பழைய ரோல் இரண்டின் விட்டத்தையும் அளந்து எழுது. இரண்டும் எதிரெதிராக, வேறு வேறு வேகத்தில் சுற்றுபவை. வேக ரோல் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் மேற்பரப்பு வேக வித்தியாசம் குறைந்து உமி உரியாது. உடனே கை ஹேண்டிலுக்குப் போகும். இறுக்க வேண்டாம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே பாதி சரியாகும்.

3. ரப்பர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அது ரோல் குற்றமில்லை. நெல் முழு அகலத்துக்கும் பரவி விழவில்லை. ஃபீட் தகட்டைப் பார். அதைச் சரி செய்யாமல் புது ரோல் போட்டால் அதுவும் அப்படியே போகும்.

4. மாட்டி, கையால் சுற்றி உரசல் பார்த்து, கார்டு போட்ட பிறகுதான் கரண்ட்.

5. ஓட்டி 5 நிமிடம் கழித்து, உமி பிரிந்த பிறகு 100 மணி எடு. 10 முதல் 15 மணி உரியாமல் இருந்தால் சரியான இறுக்கம். 2, 3 தான் மிச்சம் என்றால் அதிகம் இறுக்கிவிட்டாய்: உடைசல் கூடும், ரப்பர் கருகும். 25 மிச்சம் என்றால் திரும்பி வரும் நெல் செபரேட்டரில் குவியும்.

மொழிப் பிரச்சினைக்கு: ஒவ்வொரு படிக்கும் உங்கள் இயந்திரத்தையே போட்டோ எடுத்து லேமினேட் செய்து ஷெல்லர் பக்கத்தில் தொங்க விடுங்கள். சரியான மாதிரி 100 மணியையும் தப்பான மாதிரி 100 மணியையும் இரண்டு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வையுங்கள், எழுத்தே வேண்டாம். கற்றவர் திருப்பிச் சொல்லும்போது அவர் மொழியிலேயே சொல்லட்டும், கை சரியாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று முறை தப்பில்லாமல் செய்த பிறகே முக்கால் வட்டம்.

பாடத்தை நெல் வரத்துக்கு முன்னால், ஆலை நிற்கிற நாளில் திறந்து வைத்துச் சொல்லுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது சொல்லித் தரவும் முடியாது, கற்கவும் முடியாது.

பாய்லர் மட்டும் இந்தச் சார்ட்டில் வேண்டாம். சான்றிதழ் வாங்கிய அட்டெண்டன்ட் தவிர வேறு யாரையும் "கொஞ்ச நேரம் பார்த்துக்கோ" என்று உட்கார வைக்காதீர்கள். பழக வேண்டும் என்றால் அவர் பக்கத்தில் நின்று பழகட்டும், பரீட்சை எழுதட்டும்.

கணக்குமேசை பதில்:

ஆள் நிற்காததற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை, கணக்கு தெளிவாக இல்லாததும் காரணம். 22 பேர் என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் வரும். இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளத்துக்கு, தொழிலாளியிடம் 0.75 சதவீதம், நிறுவனம் 3.25. சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் எதற்கு, எந்த மருத்துவமனைக்குப் போகலாம், வீட்டில் யார் யாருக்குப் பார்ப்பார்கள் என்று ஒரு தரம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். காசு பிடிக்கிறார்கள் என்பது தெரியும், எதற்கென்று தெரியாது. சட்டப்படியான போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையாமல். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. உங்கள் 10 மணி ஷிஃப்ட்டில் எது ஓவர்டைம் என்று முதலில் பாருங்கள். அதை மறைத்துவிட்டு வட்டத்துக்கு 30 ரூபாய் கொடுத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

பெரிய முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் பழக்கம் சில இடத்தில் உண்டு. கடன் தீரும் வரை போகக்கூடாது என்று நிறுத்தி வைப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் கொண்டுபோய் விடும். அதுவும் போக, முன்பணத்தால் நிற்கிற ஆள் எதையும் கற்க மாட்டார்.

புது ஆட்களுக்கு அப்ரண்டிஸ் வழியைப் பாருங்கள். 1961 சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குக் கட்டாயம், உங்களுக்கு விருப்பம்தான். தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு பங்கு. தஞ்சாவூர், நாகப்பட்டினம் அரசு ஐ.டி.ஐ.களில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் முடித்துவரும் பையன்களில் ஊர் பக்கத்திலேயே வேலை தேடுகிறவர்கள் இருப்பார்கள். வீட்டிலிருந்து சைக்கிள் தூரம் என்பது திருப்பூரில் கூடக் கொடுக்கிற சில ஆயிரத்துக்கு ஈடு.

தஞ்சையில் முன்பு நெல் பதனிடும் ஆய்வு மையமாக இருந்த தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. மேனேஜரை மட்டும் அனுப்பாதீர்கள். டிரையர் ஆள் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள், அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு என்று முன்பே சொல்லி.

பாமணிக்கரை:

அட்டை நாளைக்கே அடிக்கக் கொடுக்கிறேன். ஒரு சந்தேகம்: ஆறப்போட 4 மணி நேரம் என்றால் டிரையர் அதுவரை சும்மா நிற்குமே, வரத்து நேரத்தில் எப்படி?

உமித்தூசி:

டிரையரிலேயே வைக்க வேண்டாம் சார். 17-க்கு வந்ததை ஒரு தனித் தொட்டிக்கு இறக்கிவிட்டு அடுத்த லாட்டை ஏற்றுங்கள். இரண்டாம் சுற்றுக்கு நேரம் குறைவு, சூடும் குறைவாகப் போதும். தொட்டி இல்லை என்றால் களத்தில் குவியலாக, மேலே சாக்குப் போட்டு, பரப்பாமல். எந்தக் குவியல் எத்தனை மணிக்கு இறக்கியது என்று அட்டையில் இருந்தால் போதும், குழம்பாது.