லோயர் செலட்டார் பீக்காக் பாஸ்: குஞ்சு காக்குற ஜோடி மேல லூர் போடுவீங்களா?

ஈசூன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் சிங்கப்பூர்ல லோயர் செலட்டார் நீர்த்தேக்கத்துல நல்ல கடி. மழை விட்டு வெயில் அடிச்சதும் தண்ணி தெளிஞ்சிருச்சு. விடியக்காலையில ஒண்ணும் அசையல. பீக்காக் பாஸ் கண்ணால பாத்து வேட்டையாடுற மீன், வெளிச்சம் வந்தாத்தான் அது கிளம்பும். வெயில் உறைக்க ஆரம்பிச்சதும் பொடி மீனெல்லாம் தண்ணிக்கு மேல சிதறித் துள்ளுச்சு. அதுக்குக் கொஞ்சம் தள்ளி பாப்பரை (தண்ணிக்கு மேல சத்தம் போடுற லூர், அதாவது செயற்கை இரை) போட்டு ‘பொளக் பொளக்’னு இழுத்தேன். முதல் அடி தப்பிருச்சு. இழுப்பை நிறுத்தவே இல்ல. அடுத்த அடியில ராட் வளைஞ்சிருச்சு.

ஒன்றரைக் கிலோ இருக்கும். மஞ்சள் உடம்புல மூணு கறுப்புப் பட்டை, வாலடியில தங்க வளையம் போட்ட கறுப்புக் கண்ணு, நெத்தி புடைச்ச ஆண். கையை நனைச்சுத் தூக்கி ஒரு படம் எடுத்துட்டு விட்டுட்டேன்.

இப்பக் கேள்வி. கரையோரக் கல்லுப் பக்கம் ஒரு ஜோடி நிக்குது, நடுவுல கொசுக் கூட்டம் மாதிரி குஞ்சுங்க. லூர் அந்தப் பக்கம் போனாலே ஒண்ணு பாஞ்சு வந்து முட்டித் தள்ளுது, வாயில வாங்கல. பக்கத்துல நின்னவர், “இதுக்குப் பசியே வேண்டாம், கோவத்துலயே கடிக்கும், விடாம போடுங்க”ன்னார். எனக்கு மனசு வரல, தூண்டில் மேடையோட அந்தக் கோடிக்குப் போயிட்டேன். நீங்கல்லாம் எப்படி? பிடோக், மெக்ரிட்சி நீர்த்தேக்க நிலவரமும் சொல்லுங்க.

பிடோக் தூண்டில்:
அண்ணே, பிடோக்ல மேலாப்புல ஒண்ணும் கிடைக்கல. அது முன்னாடி மணல் தோண்டின குழி இல்லையா, கரையை விட்டதுமே ஆழம் இறங்கிடும். 10 கிராம் ஸ்பூனை, அதான் உலோகத் தகடு லூரை, தரை வரைக்கும் விட்டு, தூக்கித் தூக்கி இழுத்ததுல ரெண்டு சின்னது வந்துச்சு. ஜோடியைப் பாத்தா நான் போடுவேன். கடிச்சதும் விட்டுட்டா நேரா குஞ்சுகிட்டதானே போகப் போகுது?

மன்னை மாமா:
போகும் தம்பி, போய்ப் பாக்குறப்போ குஞ்சு இருக்காது. கொக்கியைக் கழட்டி, அளந்து, படம் எடுத்து விடுறதுக்குள்ள சுத்தி நிக்கிற சில்லறை மீனெல்லாம் உள்ள பூந்து மேஞ்சிடும். அதுங்க ரெண்டும் சேந்து காவல் நிக்கிறதே அதுக்காகத்தான். ஒத்தை மீனால எல்லாப் பக்கமும் விரட்ட முடியாது.

மன்னார்குடிப் பக்கம் எங்க ஊர்க் குளத்துல செக்கச்செவேல்னு விரால் குஞ்சு மேல வந்தா, அதுக்கு நடுவுலயே தவளையைக் கோத்துப் போடுவாங்க. பெரிய விரால் கீழ இருக்குன்னு தெரியும். அதைப் பிடிச்சா அந்தக் கூட்டமே போச்சு. இங்க கிராஞ்சி நீர்த்தேக்கத்துல தோமான் (விரால் குடும்பத்துப் பெரிய மீன்) குஞ்சு சிவப்பா மிதக்குறப்பவும் அதே வேலையைப் பாக்குறாங்க.

நீர்க்காகம்:
மாமா, விரால் நம்ம மண்ணு மீன். தோமானும் இந்தப் பக்கத்து மீன்தான். பீக்காக் பாஸ் தென் அமெரிக்காவுலருந்து வந்தது, அதுக்கு எதுக்கு இவ்வளவு இரக்கம்? பனாமாவுல காத்தூன் ஏரிக்குள்ள 1960-கள்ல இது புகுந்து, அங்க இருந்த உள்ளூர் மீன் வகையில பெரும்பாலானதைக் காணாம அடிச்சிருச்சு. குஞ்சு போனா நல்லதுதான்.

ஈசூன்காரன்:
நீர்க்காகம், காத்தூன் விஷயத்துல உங்களோட எனக்குச் சண்டையே இல்ல. அதனாலதான் ஒரு தேக்கத்து மீனை இன்னொரு தண்ணியில விடுறவங்களையும், வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுவந்து கொட்டுறவங்களையும் கண்டா எனக்கு ஆத்திரம் வருது. அதே சமயம் ஃப்ளோரிடாவுல 1984-ல அரசாங்கமே பீக்காக் பாஸைக் கால்வாய்ல விட்டுச்சு, அங்க பெருகிப் போன வெளிநாட்டுத் திலாப்பியா வகையைத் தின்னட்டும்னு. எங்க விடணும், எங்க குறைக்கணும்ங்கறது தண்ணியைப் பாத்துத் திட்டம் போட்டுச் செய்யற வேலை. கரையில நின்னு ஒரு ஜோடியைக் கோவப்படுத்திப் பிடிச்சா அது நடந்துடாது.

எனக்கு இதுல ஒண்ணே ஒண்ணுதான். குட்டி மீன் சிதறுறதைப் பாத்து, எங்க வரும்னு கணிச்சு, அது இரைன்னு நம்பி அடிக்கணும். அப்பத்தான் அது நான் பிடிச்ச மீன். குஞ்சைக் காக்க விரட்டி வர்ற மீனைக் கொக்கியில மாட்டினா, அதை என் கணக்குல சேக்க மாட்டேன்.

புதுசு:
அண்ணே, இடையில கேக்குறேன். லூர் விலை கட்டுப்படியாகல. இறால் கோத்துப் போட்டா வருமா?

மன்னை மாமா:
வரும், ஆனா போடக் கூடாது தம்பி. நீர்த்தேக்கத்துல செயற்கை இரை மட்டும்தான், அதுவும் மீன்பிடிக்கலாம்னு பலகை வச்ச இடத்துல மட்டும். முதல்ல ஒரு ஸ்பூன் வாங்குங்க. லேசுல ஒடையாது, காத்துலயும் தூரம் போகும்.

ஈசூன்காரன்:
மாமா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க: கொக்கியோட எதிர்முள்ளை ப்ளையரால நசுக்கிடுங்க. லைன் தளராம வச்சிருந்தா மீன் ஒண்ணும் நழுவாது, கழட்டுறப்போ வாயும் கிழியாது. அடுத்த வாரம் மெக்ரிட்சி போறேன். அங்க இப்போ தண்ணி எப்படி இருக்குன்னு யாராவது பாத்தா சொல்லுங்க.