எஸ்எஸ்எச் டனல் திறந்திருந்தும் தொலைவிலுள்ள மைஎஸ்க்யூஎல் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது

கேள்வி

தொலைவில் உள்ள ஒரு லினக்ஸ் சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8.0 தரவுத்தளம் இயங்குகிறது. அது 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே இணைப்புகளை ஏற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. வெளியிலிருந்து திறந்திருப்பது எஸ்எஸ்எச்சுக்கான போர்ட் 22 மட்டுமே. என் மடிக்கணினியிலும் லினக்ஸ்தான். எஸ்எஸ்எச் கட்டளையில் எல் என்ற விருப்பத்திற்கு 3307:127.0.0.1:3306 என்ற மதிப்பைக் கொடுத்து டனலைத் திறக்கிறேன்; அதாவது என் மடிக்கணினியின் போர்ட் 3307-க்கு வருவதை எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளாகவே சர்வரின் போர்ட் 3306-க்குக் கொண்டுபோகும் பாதை. அது எந்தப் பிழையும் இல்லாமல் நிற்கிறது. அதன்பின் வேறொரு டெர்மினலில் மைஎஸ்க்யூஎல் கிளையன்டை லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 3307 என்று கொடுத்து இயக்கினால், பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகப் பிழை வருகிறது. அதே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு சர்வருக்குள்ளேயே நுழைந்து பார்த்தால் தடையின்றி உள்ளே போக முடிகிறது. விண்டோஸ் பயன்படுத்தும் சக ஊழியர் ஒருவருக்கும் இதே விவரங்களுடன் இணைப்பு கிடைப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். சர்வரைப் பராமரிப்பவர், இந்தத் தொல்லை எதற்கு, என் ஐபி முகவரிக்கு மட்டும் போர்ட் 3306-ஐத் திறந்துவிடுகிறேன் என்கிறார். அதை ஏற்கலாமா?

முதல் பதில்

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். டனலை முழுவதுமாக மூடிவிட்டு, அதே கிளையன்ட் கட்டளையை மீண்டும் கொடுங்கள். இணைக்க முடியவில்லை என்று வராமல், அனுமதி மறுக்கப்பட்டதாக அதே பிழை வந்தால், நீங்கள் இதுவரை டனலுக்குள் நுழையவே இல்லை என்று பொருள்.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல்லை ஒரு முகவரியாகவே எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் சொல்லைக் கண்டதும் அது நேராக உங்கள் மடிக்கணினியில் உள்ள யூனிக்ஸ் சாக்கெட் கோப்பை (ஒரே கணினியில் உள்ள நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி) தேடிப் போகிறது. நீங்கள் கொடுத்த 3307 என்ற போர்ட் எண்ணைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுகிறது. உங்கள் மடிக்கணினியில் ஒரு மைஎஸ்க்யூஎல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதில் அந்தப் பயனர் இல்லாததால் அது மறுக்கிறது. விண்டோஸில் அதே சொல் வழக்கமாக டிசிபி இணைப்பாகவே, அதாவது முகவரியும் போர்ட்டும் கொண்ட வலையமைப்பு இணைப்பாகவே போவதால், உங்கள் சக ஊழியருக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பதிலாக 127.0.0.1 என்று எண்களாகவே எழுதுங்கள்.

டனலைப் பொறுத்தவரை ‘இந்தக் கணினி’ என்பது யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். உங்கள் கட்டளையின் நடுவில் உள்ள 127.0.0.1 சர்வரின் பார்வையில் எழுதப்பட்டது. கிளையன்டுக்குக் கொடுக்கும் 127.0.0.1 உங்கள் மடிக்கணினியின் பார்வையில் எழுதப்பட்டது. எண் ஒன்றுதான், இடங்கள் இரண்டு.

கேட்டவர்

டனலை மூடிவிட்டு முயன்றேன்; எழுத்துக்கு எழுத்து அதே பிழை வந்தது. எப்போதோ ஒரு பயிற்சிக்காக நிறுவிய மைஎஸ்க்யூஎல் மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்ததை மறந்தே போயிருந்தேன். 127.0.0.1 என்று மாற்றியதும் இணைப்பு கிடைத்துவிட்டது. உள்ளே சென்று ஸ்டேட்டஸ் கட்டளை கொடுத்துப் பார்த்தபோது, இணைப்பு டிசிபி வழியாக வந்திருப்பதாகவே காட்டியது. ஆனால் சிறிது நேரம் வேலை எதுவும் செய்யாமல் விட்டால் டனல் உறைந்துவிடுகிறது.

இரண்டாவது பதில்

இடையில் உள்ள ரவுட்டரோ ஃபயர்வாலோ நெடுநேரம் அசைவில்லாத இணைப்பை மறந்துவிடுவதால் அப்படி நேர்கிறது. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் சர்வர்அலைவ்இன்டர்வெல் என்பதை 60 என்று வைத்தால், நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தி போய்வந்து இணைப்பை விழித்திருக்கச் செய்யும். இயல்பில் அதன் மதிப்பு 0, அதாவது எதையும் அனுப்பாது.

அதே கோப்பில் எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியர் என்பதையும் கட்டாயம் ‘யெஸ்’ என்று வையுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை நேரலைத் தரவுத்தளத்துக்கான டனல் 3307-இல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது, அதை மறந்து, சோதனைச் சர்வருக்கும் அதே 3307-இல் இன்னொரு டனலைத் திறந்தேன். போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதாக ஒரு வரி எச்சரிக்கை வந்தது, நான் கவனிக்கவில்லை. டனல் அமையாவிட்டாலும் எஸ்எஸ்எச் இணைப்பு மட்டும் இயல்பாக நின்றதால், எல்லாம் சரியாக இருப்பதாக நம்பி, சோதனை அட்டவணை என்று நினைத்து நேரலை அட்டவணையைக் காலி செய்தேன். முந்தைய இரவின் காப்பு நகல் இருந்ததால் பிழைத்தேன். அந்த அமைப்பு மட்டும் இருந்திருந்தால் இரண்டாவது எஸ்எஸ்எச் அங்கேயே வெளியேறியிருக்கும். இப்போதெல்லாம் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு தனி எண்ணை ஒதுக்கிவிடுகிறேன்.

மூன்றாவது பதில்

ஐபி முகவரியைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. போர்ட் 3306-ஐத் திறந்தால் தரவு அப்படியே வெளிப்படையாகப் போய்விடும் என்று சிலர் சொல்வதுண்டு, 8.0-இல் அது முழு உண்மையன்று. கிளையன்ட் முதலில் டிஎல்எஸ் மறையாக்கத்துக்குத்தான் முயலும். ஆனால் இயல்பான அமைப்பில் அது ஒரு விருப்பமே தவிர நிபந்தனையன்று. சர்வர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மறையாக்கம் இல்லாமலே தொடர்ந்துவிடும். ஒப்புக்கொண்டாலும் எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று சான்றிதழைச் சரிபார்க்காது. ஐபி முகவரியோ இணையச் சேவை மாறினால் மாறும், அலுவலகத்தில் பலருக்குப் பொதுவாகவும் இருக்கும். ஆகவே டனலையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

பராமரிப்பவரின் தயக்கம் உங்களுக்கு ஷெல் அனுமதி (சர்வரில் கட்டளைகளை இயக்கும் அனுமதி) தருவதைப் பற்றியதாக இருந்தால், அதற்கும் வழி இருக்கிறது. சர்வரில் உங்கள் பொதுச்சாவி இருக்கும் வரியின் தொடக்கத்தில் ரெஸ்ட்ரிக்ட், போர்ட்-ஃபார்வர்டிங் ஆகிய இரண்டையும் சேர்த்து, பெர்மிட்ஓப்பன் என்பதற்கு 127.0.0.1:3306 என்று மட்டும், கமாண்ட் என்பதற்கு /bin/false என்றும் கொடுக்கச் சொல்லுங்கள்; நீங்கள் டனலை -N விருப்பத்துடன் திறக்க வேண்டும். அந்தச் சாவியைக் கொண்டு டெர்மினலைத் திறக்கவோ கட்டளைகளை இயக்கவோ முடியாது, எல் விருப்பத்தின் வழியே வேறு எந்தப் போர்ட்டுக்கும் டனல் போட முடியாது. இதற்கு ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்; அது 2016-இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பயனருக்குக் கடவுச்சொல் வழியாக நுழையும் அனுமதியும் இருந்தால் இந்தக் கட்டுப்பாட்டில் பயனில்லை.

கேட்டவர்

பராமரிப்பவர் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்த மாதம் தரவுத்தளத்தை வேறொரு கணினிக்கு மாற்றுகிறார்கள். எஸ்எஸ்எச் சர்வர் பழைய இடத்திலேயே இருக்கும். கட்டளையின் நடுவில் புதிய கணினியின் பெயரை எழுதினால் போதுமா?

மூன்றாவது பதில்

எழுதுவதற்கு அது போதும். அந்தப் பெயரைச் சர்வர்தான் தேடிக் கண்டுபிடிக்கும் என்பதால், உங்கள் மடிக்கணினிக்கு அது தெரியாத உள்வலைப் பெயராக இருந்தாலும் வேலை செய்யும். பெர்மிட்ஓப்பன் வரியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். தரவுத்தளத்தின் பயனர் அனுமதியிலும் கவனம் வேண்டும்: இனி நீங்கள் அங்கே லோக்கல்ஹோஸ்டிலிருந்து வருபவராகத் தெரிய மாட்டீர்கள், எஸ்எஸ்எச் சர்வரின் முகவரியிலிருந்து வருபவராகவே தெரிவீர்கள்.

ஆனால் எஸ்எஸ்எச்சின் மறையாக்கம் எஸ்எஸ்எச் சர்வரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தரவுத்தளம் வரையிலான பாதைக்கு அது பொறுப்பல்ல. அந்தப் பகுதிக்கு டிஎல்எஸ் தேவை. சான்றிதழில் உள்ள பெயரையும் சரிபார்க்கச் சொன்னால், கிளையன்ட் 127.0.0.1 என்ற முகவரியை அந்தப் பெயரோடு ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். உங்கள் மடிக்கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தரவுத்தளத்தின் உண்மையான பெயரை 127.0.0.1-க்கு எதிரே எழுதி, கிளையன்டில் அந்தப் பெயரையே கொடுத்தால் இது தீரும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் பயன்படுத்துவோருக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை: ஹோஸ்ட் என்பதில் பெயரையும் ஹோஸ்ட்அட்ரஸ் என்பதில் 127.0.0.1-ஐயும் தனித்தனியாகக் கொடுத்துவிடலாம்.