கண்ணாடியில் ஓடும் துளியும் டயருக்குக் கீழே ஓடும் தண்ணீரும்

செம்பனைலோரி:
இந்த மன்றத்தின் பக்கத்துத் திரியில் மழைப்பிரியன் எழுதியிருப்பது இது: "டிரைவ்கிளப் வீடியோ விளையாட்டில் கார் வளையும்போது முன்கண்ணாடியில் உள்ள மழைத்துளிகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. இதைவிட உண்மையான ரேஸ் விளையாட்டு இன்றுவரை வரவில்லை." கீழே வரிசையாகப் பாராட்டு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துளி ஓடுகிறது, சரி. அந்த மழையில் சாலை எங்கே பிடிக்கும், எங்கே கைவிடும் என்று அந்த விளையாட்டுக்குத் தெரியுமா? மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் பிறந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு லோரி ஓட்டுகிறவன் கேட்கிறேன். பதில் வேண்டும்.

மழைப்பிரியன்:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். அண்ணே, துளி ஓடுவதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். 2014 டிசம்பரில் இலவசமாக வந்த மேம்பாட்டில்தான் மழையும் பனியும் அதில் சேர்ந்தன. இடப்பக்கம் வளைத்தால் துளி வலப்பக்கம் ஓடும். வைப்பர் துடைத்துவிட்டுப் போன இடத்தில் புதுத் துளி விழும். காரின் மேல் செயல்படும் விசைதானே துளியை நகர்த்துகிறது? பிறகு எப்படி அது பௌதிகம் இல்லாமல் போகும்?

செம்பனைலோரி:
அது கண்ணாடியின் பௌதிகம். நான் காரின் பௌதிகத்தைக் கேட்டேன். காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பவை உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகள். அவற்றுக்குக் கீழே நடப்பதுதான் மழை ஓட்டம்.

ரேஸ் ஓடுதளத்தில் எல்லாரும் போகும் தடத்தில் ரப்பர் படியும். காய்ந்திருக்கும்போது அங்கேதான் பிடிப்பு அதிகம். மழை இறங்கினால் அதே தடம் வழுக்கும். ஓட்டுநர்கள் அதை விட்டு விலகி, ரப்பர் படியாத கரடான தாரைத் தேடிப் போவார்கள். 2017இல் வந்த புராஜெக்ட் கார்ஸ் 2 விளையாட்டிலேயே தண்ணீர் தாழ்வான இடத்தில் தேங்கும். அதில் சக்கரம் ஏறினால் கார் மிதக்கும். 2019இல் முழுமையாக வெளியான அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேயில் ஈரமும் காயும் தடமும் பிடிப்பை மாற்றும். ஐரேசிங் என்ற இணைய ரேஸ் விளையாட்டு தொடங்கியது 2008இல். மழை வந்தது 2024இல். தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், ஓடுகிற கார்கள் அதை எப்படி ஒதுக்கும் என்பதையெல்லாம் கணக்கில் கொண்டுவந்த பிறகுதான் மழையைத் திறந்துவிட்டார்கள். கண்ணாடியில் துளி வரைந்துவிட்டுக் கடையைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் ஆலை முனை வளைவை எடுத்துக்கொள். லோரிகளிலிருந்து விழுந்த உதிரிப்பழங்கள் சக்கரங்களில் நசுங்கித் தாரோடு ஒட்டிக் கிடக்கும். வெயிலில் ஒன்றும் தெரியாது. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் தாரின் மேல் ஆரஞ்சு நிறப் படலம் ஒன்று மிதந்து எழும். அப்போது அங்கே முன் பிரேக்கைத் தொடுகிற மோட்டார் சைக்கிள்காரன் விழுவான். கொட்டித் தீர்த்த பிறகு அதே வளைவில் நிம்மதியாகப் போகலாம். கண்ணாடியில் துளி அப்போதும் ஓடும், இப்போதும் ஓடும். துளியைப் பார்த்து எவனும் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது.

மழைப்பிரியன்:
எவ்வளவு நீளமாக எழுதினாலும் துளி ஓடுகிறது என்பது மாறவில்லை. நான் சொன்னது அதுதான்.

ஈயக்குட்டை:
அண்ணன் சொல்வதுதான் சரி. 2009இல் செப்பாங் ஓடுதளத்தில் ஃபார்முலா 1 (எஃப்1) கார்ப் போட்டியை மாலை 5 மணிக்குத் தொடங்கினார்கள். நம் நாட்டில் அந்த நேரத்தில் வானம் என்ன செய்யும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். கொட்டியது. ஓட்டுநர் வெட்டலின் கார் சுழன்று நின்றது. 56 சுற்றுப் போட்டி 31 சுற்றுக் கணக்கோடு முடிந்தது. ஜென்சன் பட்டனுக்கு வெற்றி, ஆனால் எல்லாருக்கும் பாதிப் புள்ளிதான். தண்ணீரில் டயர் நிற்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

மழைப்பிரியன்:
பாதியை மறைக்காதீர்கள். அன்றைக்கு மீண்டும் தொடங்க முடியாமல் போனதற்கு வெளிச்சம் மங்கியதும் காரணம். முன்னால் போகும் கார் கிளப்பும் நீர்ப்புகையில் பின்னால் வருபவருக்கு எதுவுமே தெரியாது. மழையில் ஓட்டுநரை முதலில் தோற்கடிப்பது பார்வைதான். பார்வை என்றால் கண்ணாடி. கண்ணாடி என்றால் துளி. எனக்குச் சாதகமான சான்றை நீங்களே கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள்.

ஈயக்குட்டை:
எஃப்1 காரில் முன்கண்ணாடியும் இல்லை, வைப்பரும் இல்லை. தெரிந்துகொண்டு பேசு.

மழைப்பிரியன்:
தலைக்கவசத்தில் கண்ணாடி இருக்கிறது. அதில் துளி ஓடாதா?

ஐந்தாம்படிவம்:
நடுவில் ஒரு கேள்வி. தண்ணீரில் டயர் மிதக்கும் வேகத்துக்கு நாசா ஆய்வுகளிலிருந்து வந்த ஒரு சூத்திரம் உண்டு. டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அலகில்) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 32 பிஎஸ்ஐ உள்ள கார் டயருக்கு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். லோரி டயருக்கு 100 பிஎஸ்ஐ என்று வைத்தால் சுமார் 166 கிலோமீட்டர். அண்ணனுடைய லோரி 166இல் போகுமா? போகாது என்றால், டயர் மிதப்பதைப் பற்றி இங்கே பாடம் எடுக்க அவருக்கு என்ன அனுபவம் இருக்கிறது?

செம்பனைலோரி:
தம்பி, அந்தச் சூத்திரம் விமான டயர்களை வைத்து எழுதப்பட்டது. அதில் பாரம் எங்கே இருக்கிறது? குலையை இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது டயர் தரையைத் தொடும் இடம் நீளத்தில் சுருங்கிவிடும். அகலம் பெரிதாக மாறாது. நீளம் குறைந்தால் தண்ணீரை விலக்க டயருக்குக் கிடைக்கும் நேரமும் குறையும். அதனால்தான் பாரம் ஏற்றிய லோரி அசையாமல் போகும் தண்ணீரில் வெறும் லோரி ஆட்டம் காட்டும். ஸ்டீயரிங் திடீரென்று எடையிழந்து கைக்குள் சும்மா சுற்றும். அந்த ஒரு நொடியில் வயிறு சில்லிட்டுப் போகும். அதை எந்த விளையாட்டு என் கைக்குக் கொண்டுவருகிறதோ அதைத்தான் உண்மை என்பேன். பள்ளியில் படிவம் ஐந்தில் சூத்திரம் படித்தது நல்லது, மேலும் படி. ஆனால் மழையில் வெறும் லோரி ஓட்டியவனிடம் அனுபவம் என்ன என்று கேட்காதே.

ஐந்தாம்படிவம்:
கேள்விக்குப் பதில் வரவில்லை. 166 போகுமா, போகாதா?

செம்பனைலோரி:
மேலே எழுதியதைப் படி.

ஐந்தாம்படிவம்:
படித்துவிட்டேன். அதில் எண்ணே இல்லை.

கோப்பிக்கடை:
இரண்டு பக்கமும் வேறு வேறு பொருளைப் பேசுகிறீர்கள். உண்மை என்றால் கண்ணுக்கா, கைக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

செம்பனைலோரி:
முடிவு செய்ய என்ன இருக்கிறது? கைக்குத்தான். 2023இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்டங்களில் டயர் ஒரே ஒரு புள்ளியில் சாலையைத் தொடுவதாகக் கணக்கு. இதில் 8 புள்ளிகள். வினாடிக்கு 60 முறை செய்த கணக்கை 360 முறை செய்கிறார்கள். டிரைவ்கிளப் திரையில் வினாடிக்கு 30 படம் (பிரேம்) மட்டும் காட்டி ஓடுகிற விளையாட்டு. இயந்திரத்தின் சக்தியைத் துளிக்கும் மேகத்துக்கும் கொடுத்தார்கள், டயருக்கு மிச்சம் வைக்கவில்லை என்பது என் துணிபு. மழைப்பிரியன் இன்னும் என் முதல் கேள்விக்கு வரவில்லை. தேங்கிய தண்ணீரில் ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் ஏறினால் டிரைவ்கிளப்பில் ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இழுக்குமா?

மழைப்பிரியன்:
மழையில் கார் வழுக்கத்தான் செய்கிறது. நான் கையில் பிடிக்கும் பொத்தான் கருவியான கேம்பேட் வைத்து ஆடுகிறவன், ஸ்டீயரிங் இழுப்பது எனக்கு எதற்கு? அந்த விளையாட்டைச் செய்த எவல்யூஷன் ஸ்டுடியோஸை 2016இல் மூடினார்கள். 2020 மார்ச்சில் இணையச் சேவையையும் நிறுத்திவிட்டார்கள். செத்தவனைக் குறை சொல்வது எளிது. ஃபோர்ஸாவில் 360 முறை கணக்குப் போட்டும், என் கண்ணுக்கு அந்தத் துளி வரவில்லையே! எல்லாரும் புள்ளி, முறை என்று எண்ணுகிறீர்கள். இரவில், மழையில், மலைச்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஈயக்குட்டை:
பேட் வைத்து ஆடுகிறவன் என்று நீயே சொல்லிவிட்டாய். தீபாவளிக்குக் கோயில் மண்டபத்தில் நடந்த போட்டியில் விளையாட்டே காரைச் சமாளித்துக் கொடுக்கும் பிடிப்பு உதவி, பிரேக் உதவி இரண்டையும் போட்டுக்கொண்டுதானே என்னை வென்றாய்? உதவி எல்லாம் போட்டவனுக்கு டயர் வழுக்குவது எப்படித் தெரியும்?

மழைப்பிரியன்:
போட்டி விதியில் உதவி கூடாது என்று இல்லை. தோற்றதை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறாய். அதற்கு நான் பொறுப்பில்லை. முதலில் என்னிடம் வாங்கிப் போன டிரைவ்கிளப் குறுந்தட்டைக் கீறலோடு திருப்பிக் கொடுத்ததற்குப் பதில் சொல்.

ஈயக்குட்டை:
வாங்கும்போதே கீறல் இருந்தது. உன் தம்பியிடம் கேள்.

ஐந்தாம்படிவம்:
நான்தான் அந்தத் தம்பி. கீறல் இல்லை.

செம்பனைலோரி:
தட்டைப் பற்றிய சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மழைப்பிரியன், சனிக்கிழமை இரவு என் வீட்டுக்கு வா. அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேயில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளம், கனமழை, உதவி எதுவும் இல்லை. அங்குள்ள ஓ ரூஜ் மேட்டில் தண்ணீர் ஓடும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார். பிறகு துளியைப் பற்றிப் பேசு.

மழைப்பிரியன்:
வருகிறேன். ஆனால் பேடோடு வருவேன்.

செம்பனைலோரி:
பேடுக்கு என் வீட்டில் இடமில்லை. ஸ்டீயரிங்கில்தான் ஓட்ட வேண்டும்.

மழைப்பிரியன்:
அப்படியானால் நீங்கள் என் வீட்டுக்கு வாருங்கள். துளியைக் காட்டுகிறேன்.

செம்பனைலோரி:
நான் எதற்கு வர வேண்டும்? கேள்வி கேட்டவன் நான்.

ஈயக்குட்டை:
நானும் வருவேன். உதவி போடாமல் ஓட்டினால் மட்டும்.

ஐந்தாம்படிவம்:
166க்குப் பதில் இன்னும் வரவில்லை.