சேது மணல், வேணி தானம்: பிரயாகையில் எது முதலில்?

கேள்வி (பொன்னித்துறை): ஐப்பசியில் அப்பா அம்மாவைக் காசி யாத்திரை கூட்டிப் போகிறோம். ராமேஸ்வரத்தில் மணல் எடுத்தாயிற்று. வேணி தானத்தை (மனைவியின் பின்னல் நுனியை நறுக்கிச் சங்கமத்தில் விடும் சடங்கு) படகில் செய்வதா, கரையிலா? ராமேஸ்வரம் அபிஷேகத்துக்குக் கங்கை நீரைக் காசியிலேயே பிடித்துக்கொள்ளலாமா?

கரைமேட்டான்: மணலில் சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர் என மூன்று பிடித்துப் பூஜை நடந்திருக்கும். முதல் இரண்டையும் கடலிலேயே விட்டிருப்பார்கள். உங்களிடம் இருப்பது வேணி மாதவர். பிரயாகையில் கங்கையும் யமுனையும் கூடும் திரிவேணியில் கரைக்க வேண்டியது அதைத்தான். ஈரத்தோடு கட்டி வைக்காமல் உலர்த்தித் துணியில் முடிந்துகொள்ளுங்கள்.

வேணி தானத்தை, சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் வீட்டிலேயே முடித்துவிட்டுப் படகேறுங்கள். ஆடுகிற படகில் கத்தரிக்கோல் வேண்டாம். சங்கல்பம் ஆனதும் அம்மாவை மடியில் உட்காரவைத்து அப்பா தலைவாரிப் பின்னுவார். பூ வைத்து, குங்குமமிட்டு, நுனியில் இரண்டு விரற்கடை நறுக்குவார். மூட்டுவலி இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மணை போட்டுத் தருவார்கள். சீப்பு, கண்ணாடி, புதுக் கத்தரிக்கோல், மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி இங்கிருந்தே கொண்டுபோகலாம். முடி சங்கமத்தில் மூழ்கும் என்பது ஐதீகம். பூவும் ரப்பர் பேண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் மிதக்கத்தான் செய்யும். வெறும் முடியாக விடுங்கள்.

அப்பாவுக்கு முண்டனம் (தலை மழிப்பது) பிரயாகையில்தான். 'முண்டனம் பிரயாகை, தண்டம் காசி, பிண்டம் கயை' என்பது சொலவடை.

சோழியன்: படகுக்கு வருகிறேன். கோட்டையை ஒட்டிய கிலா படித்துறையில் ஏறினால் தூரம் குறைவு. தலைக்கு எவ்வளவா, முழுப் படகுக்கா, காத்திருக்கும் நேரமும் சேர்த்தா என்று கரையிலேயே பேசி முடியுங்கள். நடு ஆற்றில் பேரம் எடுபடாது. பால், தேங்காய் விற்கும் படகுகள் வந்து ஒட்டிக்கொள்ளும்; வேண்டாம் என்றால் தேங்காயைக் கையிலேயே வாங்காதீர்கள். மணல் நகர நகரச் சங்கமமும் இடம் மாறும், அதனால் போன வருஷம் போனவர் சொன்ன அடையாளத்தை நம்ப வேண்டாம். குளிக்கிற இடத்தில் படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டிருப்பார்கள். வயதானவர்கள் கயிற்றைப் பிடித்தபடி முழுகினால் போதும். யமுனைப் பக்கம் ஆழம், அங்கே இறங்கவே வேண்டாம்.

சேதுக்கரை: நீர் பிரயாகையில்தான் எடுக்க வேண்டும், காசியில் எடுக்கும் வழக்கமில்லை. ராமேஸ்வரம் கோயிலில் செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரத்தில் வந்தால்தான் அபிஷேகத்துக்கு வாங்குவார்கள். தகரமும் இரும்பும் ஆகாது. ஈயம் வைத்து மூடிய சொம்பைக் காகிதத்தின் மேல் அரைமணி நேரம் கவிழ்த்து வையுங்கள். காகிதம் நனைந்தால் அந்தக் கடையிலேயே மறுபடி பற்றவைக்கச் சொல்லுங்கள்.