வடக்குத்தெரு சொந்தங்கள் 🌿 (செப்டம்பர் 9, 2025)

செல்வி அத்தை: தாய்லாந்துல பழைய பிரதமரை ஜெயில்ல போட்டாச்சாம். கலவரமாம், ஏர்போர்ட்டை மூடிட்டாங்களாம். கார்த்தி, ஞாயித்துக்கிழமை காதுகுத்து உண்டா இல்லையா? பெட்டி கட்டுறதா வேண்டாமா?

ரேவதி: யாரு அத்தை சொன்னது

செல்வி அத்தை: எதிர்வீட்டு டீச்சர்

ரேவதி: மறுபடி சுனாமின்னு சொன்ன டீச்சர்தானே 😂

கார்த்தி பாங்காக்: மீட்டிங்ல இருக்கேன். இங்க ஒண்ணும் இல்ல. வாங்க

மணி மாமா: 2008ல மஞ்சச் சட்டை போட்ட போராட்டக்காரங்க அங்க ஏர்போர்ட்லயே உக்காந்துட்டாங்களே

சுந்தரம் பெரியப்பா: தெரியாம பேசாதீங்க. உள்ள போனது தக்சின் ஷினவத்ரா. சியாங்மாய் பட்டு வியாபாரக் குடும்பம். போலீஸ் அதிகாரியா இருந்து செல்போன் கம்பெனில கோடீஸ்வரர் ஆனவர். 1998ல கட்சி, 2001ல பிரதமர். 30 பாட் (அந்த ஊரு பணம்) கொடுத்தா வைத்தியம், கிராமத்துக்கு 10 லட்சம் பாட் கடன் நிதி. வடகிழக்கு விவசாயிங்க இன்னும் மறக்கல. 2003ல போதைப்பொருள் ஒழிப்புன்னு 2000 பேருக்கு மேல செத்தாங்க, அதையும் சொல்லணும்.

மணி மாமா: 👍

சுந்தரம் பெரியப்பா: முடியல. 2006ல குடும்பத்து கம்பெனி ஷேரை சிங்கப்பூர் அரசாங்க முதலீட்டு நிறுவனம் டெமாசெக்குக்கு 7,300 கோடி பாட்டுக்கு வித்தாங்க, வரி கிடையாது. ஊரே கொதிச்சுது. செப்டம்பர்ல இவர் ஐ.நா.வுக்குப் போன நேரம் பார்த்து ராணுவம் ஆட்சியப் பிடிச்சிருச்சு. அடுத்த வருஷம் இங்கிலாந்து ஃபுட்பால் டீம் மான்செஸ்டர் சிட்டிய வாங்கினார்.

பாபு: அந்த ஆளா!!

சுந்தரம் பெரியப்பா: அப்புறமும் விடலயே. 2008ல தங்கச்சி வீட்டுக்காரர் சோம்சாய் பிரதமர். 2011ல இன்னொரு தங்கச்சி யிங்லக். போன வருஷம் மக.

மணி மாமா: தங்கச்சி வீட்டுக்காரருக்கு நாட்டையே கொடுத்திருக்கார். இங்க கடைச் சாவி கூட வரல

ரேவதி: 🙈

சுந்தரம் பெரியப்பா: மாப்ள, அத இங்க பேச வேண்டாம்.

செல்வி அத்தை: கிணத்தடி நிலத்தையும் பேச வேண்டாம்ணே. தெரியும்

பாபு: பெரியப்பா, இப்ப எதுக்கு ஜெயில்?

சுந்தரம் பெரியப்பா: 15 வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு 2023ல திரும்பினார். பழைய ஊழல் வழக்குகள்ல வந்த 8 வருஷ தண்டனைய ராஜா 1 வருஷமாக்கினார். ஆனா ஒரு ராத்திரி முழுசா செல்லுல படுக்கல, போலீஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். அது கணக்குல வராது, ஒரு வருஷம் உள்ள இருன்னு இன்னைக்கு கோர்ட் சொல்லிருச்சு. வயசு 76.

ரேவதி: ஜெயில்னதும் ஆஸ்பத்திரி, அங்கயும் அதே கதைதானா

கார்த்தி பாங்காக்: மீட்டிங் முடிஞ்சது. சீலோம் மாரியம்மன் கோயில்ல சொல்லியாச்சு. விசா வேண்டாம், ஆனா டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல போடணும், இங்க வந்து இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள. பாபு எல்லாருக்கும் போடு

பாபு: ஏன் நானே

கார்த்தி பாங்காக்: மச்சானுக்கு லீவு இன்னும் கிடைக்கல. அவன் வரலன்னா யார் மடியில உக்கார வைக்கிறது?

ரேவதி: அவங்க பெரியம்மா பையன் சிங்கப்பூர்ல இருக்கானே

கார்த்தி பாங்காக்: அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல

செல்வி அத்தை: அதிரசம் 100 போதுமா? அப்ப ஏர்போர்ட் தொறந்துதான் இருக்கா?

சுந்தரம் பெரியப்பா: செல்வி, 2014 ராணுவப் புரட்சிய நான் இன்னும் சொல்லவே இல்ல