‘வேலையை விட்டு எடுத்துட்டாங்க’: ஃபயர்டா, சாக்டா, லெய்ட் ஆஃபா?

கேள்வி: லண்டன் நிறுவனம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தில், முந்தைய வேலையை விட்ட காரணத்தைக் கேட்கிறார்கள். புராஜெக்ட் மூடப்பட்டதால் டீம் மொத்தத்தையும் அனுப்பிவிட்டார்கள். ‘ஐ வாஸ் ஃபயர்ட் டியூ டு புராஜெக்ட் க்ளோஷர்’ என்று எழுதியிருக்கிறேன். ஃபயர்ட் கொச்சையா? சாக்ட், டெர்மினேட்டட், லெய்ட் ஆஃப், இதில் எது மரியாதையான சொல்?

பதில் 1: மரியாதை அப்புறம், முதலில் பொருளே இடிக்கிறது. ‘வேலையை விட்டு எடுத்துட்டாங்க’ என்றால் தப்பு யார் பக்கம் என்று தமிழில் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஃபயர்ட் என்றால் உங்கள் வேலை சரியில்லை, அல்லது ஒழுங்கு நடவடிக்கை. பின்னால் ‘புராஜெக்ட் க்ளோஷர்’ ஒட்டினாலும் படிப்பவர் கண் ஃபயர்டிலேயே நிற்கும்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்: உங்கள் நாற்காலியில் மறுநாள் வேறு ஆளை உட்கார வைப்பார்களா? ஆம் என்றால் டிஸ்மிஸ்ட், ஃபயர்ட், சாக்ட். நாற்காலியே போய்விட்டது என்றால் ரிடண்டன்ட், லெய்ட் ஆஃப். கொச்சையா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான். டிஸ்மிஸ்ட் கடிதத்துக்கு, ஃபயர்ட் அமெரிக்கப் பேச்சுக்கு, சாக்ட் பிரிட்டிஷ் பேச்சுக்கும் செய்தித் தலைப்புக்கும். ‘காட் த பூட்’, ‘காட் கேன்ட்’ எல்லாம் நம்ம ‘சீட்டைக் கிழிச்சிட்டாங்க’, ‘கல்தா கொடுத்துட்டாங்க’ ரகம், படிவத்தில் வரவே கூடாது. டெர்மினேட்டட் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னால் சாதாரணச் சொல். ‘ஐ வாஸ் டெர்மினேட்டட்’ என்று ஆளைச் சொன்னால் ஃபயர்ட் மாதிரியே கேட்கும். ‘லெட் கோ’ மென்மையாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் பொருந்துவதால் சந்தேகத்தைக் கிளப்பும்.

பிரிட்டனுக்கு: ‘மை ரோல் வாஸ் மேட் ரிடண்டன்ட் வென் த புராஜெக்ட் க்ளோஸ்ட்.’

பதில் 2: மேலே சொன்னது சரி, ஒரு திருத்தம். பிரிட்டிஷ் சட்டப்படி ரிடண்டன்சியும் டிஸ்மிஸலில் ஒரு வகைதான். ‘ஹேவ் யூ எவர் பீன் டிஸ்மிஸ்ட்?’ என்று தனிக் கேள்வி இருந்தால், அதை ஒட்டி ‘மிஸ்காண்டக்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ‘நோ’. இல்லாவிட்டால் ‘எஸ், ரிடண்டன்சி’ என்று காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

லெய்ட் ஆஃபிலும் ஒரு சிக்கல். அமெரிக்கர் காதில் அது பெரும்பாலும் நிரந்தரம். இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் லே ஆஃப் தற்காலிகம்: பெயர் பணியாளர் பட்டியலில் இருக்கும், கொடுக்க வேலை இருக்காது. ஆட்குறைப்புக்கு அங்கே ரெட்ரெஞ்ச்மென்ட் என்று தனிச் சொல். பிரிட்டிஷ் சட்டத்திலும் லே ஆஃப் தற்காலிகம்தான்.

கேட்டவர்: கையில் இருப்பது ரிலீவிங் லெட்டர். ‘ஐ வாஸ் ரிலீவ்ட் ஆன் 31 மார்ச்’ என்று எழுதி ஒதுங்கிவிடலாமா?

பதில் 1: வேண்டாம். அவர்களுக்கு ‘ஐ வாஸ் ரிலீவ்ட்’ என்றால் ‘அப்பாடா என்று இருந்தது’. ‘ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் டியூட்டீஸ்’ என்றாலோ பொறுப்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம், சாக்டுக்குப் போட்ட கோட்டு. ‘மை லாஸ்ட் வொர்க்கிங் டே வாஸ் 31 மார்ச்’ போதும். ‘பேப்பர் போட்டேன்’ என்பதை ‘புட் டவுன் மை பேப்பர்ஸ்’ ஆக்கினாலும் அங்கே விழிப்பார்கள். படிவத்தில் ரிசைன்ட், பேச்சில் க்விட்.

அந்தக் கடிதத்தை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். அனுப்பும்போது ராஜினாமா எழுதி வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படியிருந்தால் அதில் ‘ரெசிக்னேஷன்’ என்று இருக்கும், பின்னணிச் சரிபார்ப்பில் அதுதான் வரும். அப்போது ‘ரிசைன்ட் ஃபாலோயிங் க்ளோஷர் ஆஃப் த புராஜெக்ட்’ என்று எழுதுங்கள். ரிடண்டன்ட் என்று எழுதினால் இரண்டும் மோதும்.

கேட்டவர்: பார்த்தேன். ‘ரெசிக்னேஷன் அக்செப்டட்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் சொன்ன வரியையே போட்டுவிடுகிறேன்.