சர்க்கரை நோயால் வந்த நரம்புப் பாதிப்பும் தாம்பத்தியமும்: விளக்கம் வேண்டும்

கேள்வி: காவேரிப்பட்டணம் வாசகி

வணக்கம். எனக்கு 43 வயது, என் கணவருக்கு 51. காவேரிப்பட்டணத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கிறோம். அவர் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன் பயனாக மாத்திரைகள் மாதந்தோறும் வாசலுக்கே வந்துவிடுகின்றன. ஆனால் அவற்றைக் கொண்டுவரும் பெண் என் நாத்தனாரின் மருமகள். இங்கே கேட்கப் போவதை அவளிடம் நான் எந்த முகத்தோடு கேட்பது?

இரண்டு ஆண்டுகளாக எங்களுக்குள் உறவு இல்லை. புழுக்கமாக இருக்கிறது என்று பாயைக் கூடத்துக்குக் கொண்டுபோனவர், மார்கழியிலும் திரும்பி வரவில்லை. வேறு பெண்ணின் தொடர்போ என்று நான் சந்தேகப்பட்டு, அதை வாய்விட்டும் கேட்டுவிட்டேன். அன்றுதான் உண்மையைச் சொன்னார். மனத்தில் ஆசை இருக்கிறதாம், உடம்புதான் கேட்பதில்லை. விறைப்பு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. அதற்கு முன்பே சில முறை, உச்சம் வந்தும் விந்து வெளிவராமல் போனதாகவும் சொன்னார்.

அவருக்குப் பாதங்கள் மரத்துப்போயிருக்கின்றன. ஒரு நாள் தோப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்புடன் வீடு வந்து சேர்ந்தார். மற்றொன்று எங்கே கழன்றது என்பதே அவருக்குத் தெரியவில்லை. இரவில் கால் எரிச்சலுக்காக அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்ததிலிருந்து நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

மாதம் ஒருமுறை விடுதியில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவர், இது இளம் வயதுப் பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று கூறி, 7,000 ரூபாய்க்குப் பொடி கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு முறை சாப்பிட்டபோது பலன் தெரிந்ததாம். மூன்றாம் முறை தலைசுற்றி விழப் பார்த்தார். இது உண்மையில் நரம்பால் வருவதுதானா? சரியாகுமா? யாரிடம் காட்ட வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற அரசு மருத்துவர், தர்மபுரி

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆண்மைக்கான மூலிகை என்று விற்கப்படுபவை பலவற்றில் விறைப்புக்காகத் தரப்படும் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. உங்கள் கணவரின் பொடியில் அது இருக்கிறது என்று சோதிக்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் உடனே பலன் தந்து, பிறகு தலைசுற்ற வைத்த மூலிகையை நான் நம்ப மாட்டேன். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. அதுவும் சில்டெனாஃபிலும் உடம்பில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்கும், அதே வகையான டடாலஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. பொடி சாப்பிட்ட நிலையில் நெஞ்சுவலி வந்தால், அந்த மாத்திரையைத் தாமாகப் போட்டுக்கொள்ளாமல் 108-ஐ அழைத்து, வருபவரிடம் பொடியைப் பற்றித் தயங்காமல் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லைச் சுவரொட்டிக்காரர்கள் கெடுத்து வைத்திருக்கிறார்கள். சுய இன்பத்தாலோ விந்து வீணாவதாலோ எந்த நரம்பும் தளர்வதில்லை. அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு, உண்மையிலேயே நரம்பு கெட்டுப்போனவர் தம் இளமையின் மீது பழியைப் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. நானே பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தேனே தவிர, இதைக் கேட்டது மிகச் சிலரிடம்தான்.

அந்த ஒற்றைச் செருப்பில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இருக்கிறது. நெடுங்காலம் உயர்ந்திருக்கும் சர்க்கரை, நரம்பிழைகளையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களையும் சேர்த்தே கெடுக்கிறது. நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால் பாதம் மரக்கிறது. அதே சேதம், நம் விருப்பத்துக்கு உட்படாமல் தாமாக இயங்கும் நரம்புகளையும் எட்டும்போது விறைப்பு குறைகிறது. தண்டுவடத்தின் அடிப்பகுதியில் இருந்து இடுப்புக்குள் வரும் அந்த நரம்புகளின் முனைகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட, அது தசையைத் தளர்த்த, இரத்தம் உள்ளே நிறைவதுதான் விறைப்பு. நரம்பு அந்தச் செய்தியை அனுப்பாவிட்டால் ஆசை எவ்வளவு இருந்தாலும் பயன் இல்லை. ஆகவே உங்கள் கணவர் உங்களிடம் சொன்னது சாக்கு அல்ல. நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களில் எவ்வாறு செய்தி கடத்துகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே செய்தித் தொடரின் அடுத்த கண்ணியில் வேலை செய்யும் சில்டெனாஃபில் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

உச்சத்தில் விந்து வராதது வேறு வகையான நரம்புக் கோளாறு. விந்து வெளியேறும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ள வேண்டும்; நரம்பு கெட்டால் அது மூடாமல், விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடும். அதன் பிறகு சிறுநீர் கலங்கலாக வருவதைக் கவனித்தால் தெரியும். அதனால் உடலுக்குத் தீங்கு இல்லை, பிள்ளைப்பேறு வேண்டியவர்களுக்குத்தான் அது தடையாகும்.

அவருக்கு நரம்பு மட்டும்தான் காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. அமிட்ரிப்டிலினே விறைப்பையும் உச்சத்தையும் மந்தப்படுத்தக் கூடியது. நெஞ்சுவலி உள்ளவருக்கு அது ஏற்றதா என்பதையும் கேட்க வேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆணுறுப்பின் இரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடக் குறுகலானது என்பதால், அடைப்பு முதலில் இங்கே தெரிந்து, சில ஆண்டுகள் கழித்து நெஞ்சில் தெரிவதும் உண்டு. அவருக்கு இரண்டும் வந்துவிட்டன. எனவே இதயப் பரிசோதனை முடிந்த பிறகே மற்றவை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்குங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, காலை வேளையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுவோருக்கு பி12 குறைந்து அதனாலும் பாதம் மரக்கலாம். நைட்ரேட் தேவைப்படும் வரை சில்டெனாஃபில் வகை மாத்திரைகள் அவருக்கு இல்லை என்றாலும், வெற்றிடக் குழாய்க் கருவி, உறுப்பிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி, கடைசியாக உள்வைப்பு அறுவை என்று வேறு வழிகள் இருக்கின்றன.

நம் பகுதிக்காக ஒரு சொல். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன், ஃப்ளோரைடு மிகுந்த கிணற்றுநீரையே பல ஆண்டுகள் குடித்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பு தடித்துத் தண்டுவடத்தை நெருக்குவது உண்டு. கால் விறைத்து நடை மாறியிருந்தால் சர்க்கரை என்று மட்டும் முடிவு கட்ட வேண்டாம். தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் திடீரென மரத்துச் சிறுநீர் கட்டிக்கொண்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதில் 2: அரூர் ஆசிரியை

சகோதரி, ஐயா சொன்னவை அனைத்தும் ஆண்களைப் பற்றியவை. எனக்கே சர்க்கரை நோய் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன; பெண்ணுக்கும் அதே நரம்புகள்தாம் இருக்கின்றன என்பதை எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை. ஈரம் சுரப்பது குறைந்து உறவின்போது வலித்தது, தொடுவது துணி மேல் தொடுவது போல மந்தமாகத் தெரிந்தது. வயதாகிவிட்டது என்று நான் வாய் மூடிக்கொண்டேன். இடையே அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்து, அது சர்க்கரை கூடியதால் வந்த பூஞ்சைத் தொற்று என்று பின்னர் தெரிந்தது. மருந்துக்கடையில் தண்ணீர்த்தன்மையுள்ள வழுக்கும் ஜெல் கிடைக்கிறது. அதுவே பாதிக் குறையைத் தீர்த்தது. தேங்காய் எண்ணெய் போதும் என்பவர்கள், ஆணுறையின் ரப்பரை எண்ணெய் கெடுத்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் எழுதித் தருவார். உங்களுக்கும் 43 வயதாகிறது. உங்கள் சர்க்கரையை எப்போது பார்த்தீர்கள்?

கணவரிடம் எங்கே பேசுவது என்பது பெரிய கேள்வி. படுக்கையில் பேசாதீர்கள், அங்கே எதைச் சொன்னாலும் புகாராகத்தான் கேட்கும். நான் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேசினேன். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை, என் முகத்தை அவரும் பார்க்க முடியாது. தீர்த்தமலை போய்ச் சேர்வதற்குள் 20 ஆண்டுகளில் பேசாததைப் பேசி முடித்திருந்தோம்.

பதில் 3: ஊத்தங்கரைக்காரன்

அக்கா, புளிய மரத்தில் இருந்து விழுந்து மார்புக்குக் கீழே உணர்வு இழந்தவன் நான். அப்போது எனக்கு 27 வயது, திருமணமாகி ஒன்றரை ஆண்டு. தண்டுவடத்தில் அடிபட்ட இடத்தைப் பொறுத்து நிலைமை மாறும் என்று வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையத்தில்தான் எனக்கு முதன்முதலாகச் சொன்னார்கள். விபத்தில் நடக்கும் திறனை இழந்த பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ் தலைமையில் 1966-இல் தொடங்கிய இடம் அது. நினைப்பினால் வரும் விறைப்புக்கும் தொடுவதனால் வரும் விறைப்புக்கும் தண்டுவடத்தில் வெவ்வேறு இடங்களாம். எனக்கு நினைத்தால் ஒன்றும் நடப்பதில்லை. தொட்டால் வருகிறது, ஆனால் எனக்கு அது தெரிவதில்லை. முன்கூட்டியே சிறுநீர்ப்பையைக் காலி செய்துகொள்ள வேண்டும். காயம் நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் தலை வெடிப்பது போல வலித்து வியர்த்தால், உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும். இரத்த அழுத்தம் எகிறுவதன் அடையாளம் அது.

உணர்வு முடிந்துபோகும் எல்லைக்குச் சற்று மேலே, மார்பின் பக்கவாட்டில் எனக்குத் தொடுகை முன்பைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான் அல்ல, என் மனைவி.

கேள்வியாளர், ஐந்து வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. மொபெட் யோசனை பலித்தது. சந்தூர்ச் சாலையில் பேசினோம். பொடியை அவரே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 10.4 சதவீதம் இருந்ததால் இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள், இதயப் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள், எரிச்சல் மாத்திரையையும் மாற்றிவிட்டார்கள். பாய் இப்போது அறைக்குள் வந்துவிட்டது. வேறொன்றும் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார். எனக்கும் பார்த்தேன், சர்க்கரை இல்லை. ஒரே ஓர் ஐயம்: சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும்போது கால் எரிச்சல் மட்டும் முன்பைவிடக் கூடியிருக்கிறதே, ஏன்?

பதில்: ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்

நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை மிக விரைவாக இறங்கும்போது நரம்பு வலி சில காலம் கூடுவது உண்டு. பெரும்பாலும் அது மெல்லத் தணியும். மாத்திரை மாறியதாலும் இருக்கலாம். இன்சுலினை நிறுத்த வேண்டாம். இறங்கும் வேகத்தைப் பற்றி அங்குள்ள மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். விரைவான இறக்கம் விழித்திரையையும் தொல்லைப்படுத்தக் கூடும் என்பதால், போன கையோடு கண் பிரிவிலும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.